கூப்பிடாவிட்டால் நல்ல சேதி

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் கட்டி என்று போனால் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள். முடிவு கெட்டதாக வந்தால் மட்டும் நோயாளியைக் கூப்பிடுவார்கள். நல்லதாக வந்தால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். "கூப்பிடலைன்னா நல்ல சேதின்னு வெச்சுக்குங்க" என்று கவுண்டர் பெண் சிரித்த முகமாய்ச் சொல்லி அனுப்புவாள். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த ஏற்பாடோ தெரியாது. ஆள் மிச்சம், ஃபோன் செலவு மிச்சம். நோயாளிக்கும் ஃபோன் அடிக்காத ஒவ்வொரு நாளும் போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

வடிகட்டியின் அக்காவுக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். மார்பில் கட்டி. சதை எடுத்து அனுப்பியாயிற்று. இரண்டு வாரத்துக்குள் கூப்பிட்டால் கெட்டது, கூப்பிடாவிட்டால் பிழைத்தாள்.

வடிகட்டி என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவன் அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறவன். வெளியிலிருந்து வந்து குவிகிற மெயிலில் எது குப்பை, எது விஷம், எது உருப்படி என்று பிரித்து உள்ளே விடுகிற ஸ்பாம் ஃபில்டர் அவன் பொறுப்பு. கேன்டீனில் எவனோ ஒருத்தன் வைத்த பெயர் அது. டாக்டர்கள்கூட, "அந்த வடிகட்டியைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. வேலை சரியாக நடக்கிறவரை ஒருத்தர் கண்ணிலும் படாத உத்தியோகம், பட்டப்பெயராவது கிடைத்ததே என்று இருந்தான்.

அக்காதான் அவனை வளர்த்தாள். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் அவள். அடுக்கி வைத்த துணியை மெஷின் கத்தியால் அறுத்துத் தள்ளுகிற வேலை. ஆம்பளைகளே தோள் வலிக்குது என்று ஓடிப்போகிற இடத்தில் இத்தனை வருஷம் நின்று காட்டியவள். மச்சான் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனார். போனதே நல்லது என்று அக்கா தலைமுழுகிவிட்டு, மகளையும் தம்பியையும் படிக்க வைத்தாள். மகள் இப்போது வெளியூரில் ஹாஸ்டலில். தம்பி அக்கா வீட்டு மாடியறையில். கல்யாணம் என்று பேச்செடுத்தால், "உன்னை மாதிரி ஒருத்தி கிடைச்சாப் பாக்கலாம்க்கா" என்பான். "என்னை மாதிரி ஒருத்தி உன்னை ஏண்டா கட்டுவா?" என்பாள் அவள்.

இரண்டு வாரமும் போயிற்று. ஃபோன் வரவில்லை. மூன்றாவது வாரம் அக்கா கேட்டாள்.

"ஏண்டா, நான் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுரட்டுமா?"

"எதுக்குக்கா? இருந்தா அவங்களே கூப்பிட மாட்டாங்களா?"

"இல்லடா, எங்கயாச்சும் விட்டுப்போயிருந்தா?"

அவன் சிரித்தான். "லேப்ல இருந்து ரிசல்ட் மெயில்லதான் வருது. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் என் கையைத் தாண்டித்தான் உள்ள போகணும். என்னை மீறி எது விட்டுப்போகும்? நீ சும்மா அவங்களை நச்சரிக்காத. இருக்கறவங்களே கம்மி, எரிஞ்சு விழுவாங்க."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. தம்பி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. மகளுக்கு ஃபோன் போட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லடி, மாமா ஆஸ்பத்திரியிலயே இருக்கானே, அவன் சொல்லிட்டான்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாளே வேலைக்குப் போனாள். ஒருநாள் துணி மடிக்கும்போது, "கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்குடா" என்றாள். "கட்டின்னா பெருசாத்தான் ஆகும். கெட்டது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, அப்புறம் என்ன?" என்றான் இவன். பெரிய டாக்டர்!

இப்போது அந்த ஃபில்டரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

அக்காவுக்குக் கட்டி தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரிய மனுஷர், 'நிலுவை பில்' என்று வந்த மெயிலில் இருந்த கோப்பைத் திறந்தார். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பு. பாஸ்வேர்டையும் மெயிலிலேயே கொடுத்திருந்தான் அந்தத் திருடன். மனுஷர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்துத் திறந்தார். அரை மணியில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எல்லாம் முடங்கிப்போயின. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. எக்ஸ்ரேவைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஓடினார்கள். திட்டு யாருக்கு விழுந்தது? திறந்தவருக்கு இல்லை. "ஃபில்டர் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று வடிகட்டிக்கு விழுந்தது.

பூட்டிய கோப்புக்குள் ஃபில்டரால் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே, வெளியிலிருந்து பூட்டிய கோப்போடு எந்த மெயில் வந்தாலும் பிடித்து உள்ளே வைத்துவிடு என்று ஒரு விதி போடச் சொன்னார் அவனுடைய மேனேஜர். எதைக் கேட்டாலும் "சரி, பார்க்கலாம்" என்கிற மனிதர். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'பார்க்கலாம் சார்'. சூடு கண்ட பிறகு அவருக்கே அவசரம் வந்துவிட்டது. பிடிபட்ட மெயில் போய் உட்காருகிற இடத்துக்கு மெஷினில் என்னவோ பெரிய பெயர் இருந்தது. வடிகட்டி அதை லாக்கப் என்பான். சந்தேகக் கேஸ்கள் கிடக்கிற இடம்.

விதி போடுவதற்கு முன்னால் அவன் முறையாகத்தான் செய்தான், அதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிரிவுகளுக்கும் மெயில் போட்டான்: 'வெளியிலிருந்து பூட்டிய கோப்பு உங்களுக்கு வருமா? வந்தால் தெரிவிக்கவும். இந்த வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் ஆட்சேபனை இல்லை என்று கொள்ளப்படும்.' அந்த ஆபீஸில் எல்லாச் சுற்றறிக்கையும் இந்த வரியோடுதான் முடியும். மௌனம் சம்மதம். மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு பதில் வந்தது. மற்ற எந்தப் பிரிவும் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்காரன் மெயிலை எந்த டாக்டர் படித்திருக்கிறார்? சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விதியைப் போட்டுவிட்டான்.

ஆரம்பத்தில், 'உங்களுக்கு வந்த இன்னின்ன மெயில்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன' என்று தினமும் காலையில் அவரவருக்கு ஒரு தகவல் போய்க்கொண்டிருந்தது. அதையும் ஒரு பெரிய டாக்டர், "இதுவே ஒரு ஸ்பாம்யா! முதல்ல இதை நிறுத்து" என்று கத்தினார். பார்க்கலாம் சார் நிறுத்தச் சொன்னார், இவன் நிறுத்தினான். அப்புறம் லாக்கப்புக்குள் யார் கிடக்கிறார்கள் என்று இவன் ஒருத்தன்தான் பார்ப்பான். அதுவும் மேலோட்டமாக. தலைப்பில் வெறும் எண், உள்ளே ஒரு வணக்கம்கூடக் கிடையாது, அனுப்பியது ஏதோ மெஷின் முகவரி, கூடவே பூட்டிய கோப்பு என்று இருந்தால் அது திருட்டு மெயில்தான் என்று அவன் கை தானாகத் தள்ளிக்கொண்டு போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அக்காவுக்குச் சதை எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் மார்பகப் பிரிவின் தலைமை நர்ஸ், இவன் ஆபீஸ் இருக்கிற கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தாள். அந்தம்மா மாடியை விட்டு இறங்குகிற ஆள் இல்லை. மூச்சு வாங்க வந்து, கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, எங்களுக்கு ஒரு மெயில் வரல."

"ஜங்க் ஃபோல்டர்ல பாத்தீங்களா சிஸ்டர்?"

"பாத்தாச்சு. அதுல முடி வளர்ற எண்ணெய்தான் இருக்கு. எனக்கு வேணும்தான், ஆனா அதுக்காக வரல."

அவன் சிரித்துக்கொண்டே கீபோர்டை இழுத்தான். "யாரு அனுப்பினது?"

"லேப்ல இருந்து. அங்க இருக்கற டாக்டர் நேத்து நம்ம சர்ஜன் மேடத்துக்கு ஃபோன் பண்ணியிருக்காரு. 'ஒரு கேஸ் கெட்டதுன்னு அப்பவே அனுப்பினேனே, ஆபரேஷன் முடிஞ்சு மீதி சதை வரும்னு பாத்தா காணோமே'ன்னு கேட்டிருக்காரு. மேடம், 'எந்தக் கேஸ்?'னு முழிக்கறாங்க. எங்களுக்கு அப்படி ஒண்ணு வரவே இல்ல."

"ஒரு மெயில்தானே சிஸ்டர். ரெண்டே நிமிஷம்."

இந்த மாதிரிப் புகார் அவனுக்குப் புதிதில்லை. வர வேண்டியது வரவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்புகிறவன் முகவரியைத் தப்பாக அடித்திருப்பான், இல்லை வாங்குகிறவர் தானே அழித்துவிட்டு மறந்திருப்பார். அவன் லேபின் முகவரியைப் போட்டுத் தேடினான். ஸ்க்ரீன் நிரம்பிற்று. உள்ளே போன மெயில் பச்சை, லாக்கப்பில் மாட்டியது சிவப்பு. வரிசையாகப் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, இடையிடையே ஒரு சிவப்பு.

"ஆமா சிஸ்டர், சிலது மாட்டியிருக்கு. பெரும்பாலும் ஒழுங்காத்தான் வந்திருக்கு பாருங்க." அவனுக்கு முதலில் நிம்மதிதான். தெரிந்த வியாதி. நல்ல மெயிலைக் கெட்டது என்று பிடித்திருக்கிறது, லேபின் பெயரை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. ஒரு சிவப்பு வரியைத் தட்டிக் காரணம் பார்த்தான். பூட்டிய கோப்பு. அடுத்தது, பூட்டிய கோப்பு. அதற்கடுத்ததும் அதே. பச்சை வரிகள் எதிலும் பூட்டில்லை.

"இவங்க ஏன் சிலதை மட்டும் பூட்டி அனுப்பறாங்க?" என்று அவன் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

திரும்பிப் பார்த்தான். அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி," என்றாள். "கெட்ட ரிசல்ட்டை மட்டும்தான் அவங்க பூட்டி அனுப்புவாங்க. முன்ன ஒரு தடவை யார் கையிலயோ கிடைச்சு ரகசியம் வெளிய போயிருச்சுன்னு அப்படி ஒரு வழக்கம். நல்ல ரிசல்ட்டுக்கு எவன் பூட்டுப் போடுவான்?"

அவன் மெதுவாகப் பக்கத்தை மேலே தள்ளினான். சிவப்பு, கொஞ்சம் பச்சை, சிவப்பு. விதி போட்ட நாள்வரைக்கும் போயிற்று. இத்தனை நாளும் அந்த ஃபில்டர் நல்ல சேதியை எல்லாம் வழிவிட்டு அனுப்பிவிட்டு, கெட்ட சேதியை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கிப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறது. மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்ததெல்லாம் நல்ல ரிசல்ட். இந்த சீசனில் கேஸ் குறைவு என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். எத்தனை சதை போயிற்று, எத்தனை முடிவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. வந்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

"ஐயோ தம்பி," என்றாள் நர்ஸ். "இதெல்லாம் ஆளுங்கப்பா. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு."

அவன் அதைக் கேட்டானோ இல்லையோ. ஃபோனை எடுத்தான். அக்காவைப் பதிவு செய்த அன்றைக்குச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தான்; அவள் எதையும் தொலைத்துவிடுவாள் என்று. அவசரத்தில் சீட்டில் இருந்த கேஸ் எண்ணைத் தேடலில் தப்பாக அடித்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கடவுளே என்று மனசு குளிர்ந்தது. திரும்பவும் படத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தான். ஒரு வரி வந்தது. சிவப்பு.

தேதியைப் பார்த்தான். அக்கா, "ஃபோன் போட்டுக் கேட்டுரட்டுமா?" என்றபோதே அது வந்து லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறது. வந்த அன்றைக்கே இவன் கண்ணிலும் பட்டிருக்கும். கை தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

"யாருப்பா அது?"

"எங்க அக்கா."

அந்தம்மா எழுந்து வந்து அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, "திறந்து விடு. எல்லாத்தையும் திறந்து விடு. நான் மேல ஓடறேன்" என்றாள். அவன் எல்லாச் சிவப்பையும் தேர்ந்தெடுத்து விடுவித்தான். ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று. இத்தனை மாதம் கிடந்தது, கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாடியில் அன்றைக்கு ஃபோன் மேல் ஃபோன். தலைமை நர்ஸும் இன்னொரு பெண்ணும் மாறி மாறிப் பேசினார்கள். ஒருத்தி கல்யாண வீட்டிலிருந்து எடுத்தாள். ஒருத்தர், "நல்ல சேதின்னு சொன்னீங்களே" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஒரு வயசான அம்மாவின் எண்ணுக்கு அவர் மகன் எடுத்து, "அம்மா போயிட்டாங்க. என்ன விஷயம்?" என்றான். அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று நர்ஸ் யாரிடமும் சொல்லவில்லை.

பார்க்கலாம் சார் மதியமே நிர்வாகியைப் பார்த்துவிட்டு வந்தார். கதவைச் சாத்தினார். கையில் ஒரு தாள். அதில், நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டிய வாசகம்: 'ஆய்வகத் தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தாமதம் காரணமாக.'

"லேப் மேல தப்பே இல்லையே சார். அவங்க அன்னன்னிக்கு அனுப்பியிருக்காங்க."

"லேப் மேல தப்புன்னு யாரு சொன்னா? பரிமாற்றத்துல தாமதம்னுதானே போட்டிருக்கு. படிக்கறவங்க என்ன புரிஞ்சுக்கறாங்களோ, அது அவங்க பாடு."

"எங்க அக்காவும் அதுல இருக்கா சார்."

மனிதர் கொஞ்சம் ஆடித்தான் போனார். தாளை மேஜையில் வைத்துவிட்டு மூக்கைத் தடவினார். "கேள்விப்பட்டேன். கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல வைத்தியம் பாத்துடலாம், முதல் ஆளா பாக்கச் சொல்றேன். ஆனா ஒண்ணு தம்பி. விதியைப் போட்டது நீ. தினம் காலையில போன அந்தத் தகவல் மெயிலை நிறுத்தினது நீ. எல்லாம் உன் லாகின்ல இருக்கு. நாளைக்கு வக்கீல் அது இதுன்னு வந்தா எனக்கு ஞாபகம் இருக்காது. அக்காவுக்கு வைத்தியம் பாக்க உனக்கு வேலை வேணுமா வேண்டாமா? யோசிச்சுக்க."

பார்க்கலாம் சார் தலையாட்டிக்கொண்டே போனார். அவன் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், அதில் தப்பும் இல்லை. அவன் சம்மதித்துத்தான் இருந்தான்.

அக்காவை நர்ஸே கூப்பிட்டுச் சொன்னாள். மறுநாள் இவன் கூடவே போனான். சர்ஜன் மேடம் கையால் அழுத்திப் பார்த்தாள், அக்குளில் பார்த்தாள், ஸ்கேனுக்கு அனுப்பினாள். அடுத்தடுத்த நாளெல்லாம் வரிசை, ஊசி, இயந்திரம், காத்திருப்பு. கடைசியில் உட்கார வைத்துச் சொன்னாள். வேகமாக வளர்கிற வகை. அக்குளுக்குப் போயாயிற்று, ஈரலிலும் புள்ளி தெரிகிறது. முதலில் மருந்து, அது கேட்டால் அப்புறம் பார்க்கலாம்.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "அப்ப கட்டி சின்னது. அக்குள்ல ஒண்ணும் இல்லைன்னு நானே எழுதியிருக்கேன். எடுத்துப் போட்டிருக்கலாம். லேப்ல இருந்து தகவல் வர்றதுல தாமதம் ஆயிடுச்சும்மா. ரொம்ப வருத்தமா இருக்கு." சொல்லும்போது அவள் வடிகட்டியைப் பார்க்கவில்லை. அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும்போது அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"புள்ளைக்கு என்னடா சொல்வேன்? ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேனே. இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு அவளுக்கு."

"அக்கா."

"ரெண்டு மாசம்டா. ரெண்டு மாசமா இதை வெச்சுக்கிட்டு மெஷின் முன்னாடி நின்னேன். தோள் வலிச்சா வேலை ஜாஸ்தின்னு நினைச்சேன். நல்ல சேதி, நல்ல சேதின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வெக்கமா இருக்குடா." அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை, வந்தால் நிற்காது. "அந்த லேப்ல எவனோ ஒருத்தன், அனுப்பணும்னு கூடத் தோணாம குளுகுளுன்னு ஏசியில உக்காந்திருந்திருக்கான். ஒரு காகிதம்டா. ஒரு காகிதத்தை அனுப்ப அவனுக்குக் கை இல்லையா? சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுதில்ல? சோறுதானே திங்கறான்?"

"அக்கா, விடு."

"எதை விடச் சொல்ற? என் உசிரு போகுது, விடச் சொல்றான்! நீ ஏன்டா பேச மாட்டேங்கற? நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? போய் அவன் சட்டையைப் பிடிச்சு ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு கேக்க மாட்டியா?" மூச்சு வாங்கிற்று அவளுக்கு. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அவன் எவனோ எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். வயிறெரிஞ்சு சொல்றேன். அவன் வீட்டுப் பொம்பளை ஒருத்தி அவன் கண்ணு முன்னாடியே இப்படிக் கிடந்து சாகணும். ஒண்ணும் பண்ண முடியாம அவன் பக்கத்துல உக்காந்து பாக்கணும். அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்."

வடிகட்டி தரையில் உட்கார்ந்தான்.

"அதான் கிடக்கறியே அக்கா," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்னது?"

"லேப்ல அன்னிக்கே அனுப்பிட்டாங்க. நிறுத்தி வெச்சது என் மெஷின். பூட்டின கோப்பு வந்தா பிடின்னு நான்தான் விதி போட்டேன். உன் ரிசல்ட் என்கிட்டதான் இருந்துச்சு. நீ ஃபோன் போடறேன்னு சொன்னியே, அன்னிக்கும் என்கிட்டதான் இருந்துச்சு. நான் பாக்கல."

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் விளிம்பில் இருந்த அவள் வலது கை தானாக எழுந்து வாயருகே போயிற்று. ஆத்திரத்தில் யாரையாவது சபித்துவிட்டால், சொன்னது பலிக்கக் கூடாது என்று தன் வாயில் தானே இரண்டு போட்டுக்கொள்வாள் அவள். சின்ன வயதில், "நாசமாப் போடா" என்று அவனைத் திட்டிவிட்டு, மறு கணமே பட்டுப் பட்டென்று எத்தனை தரம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்காகத்தான் அவன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை உதட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.